கொம்பு தேடிய மாலை: உயிராற்றல் வேளாண்மை இயக்கத்தின் நூறு ஆண்டுகள்

1924-ஆம் ஆண்டுக் கோடைத் தொடக்கம். சுவிட்சர்லாந்தில் பாசல் நகரத்தை ஒட்டி ஆர்லெஸ்ஹைம் என்றோர் ஊர். அங்கே ஒரு தோட்டத்தில் சிலர் மண்வெட்டியும் கையுமாக நின்று, இங்கே தோண்டு, இல்லை அங்கே தோண்டு என்று அலைந்துகொண்டிருந்தார்கள். பசுஞ்சாணம் அடைத்துப் புதைத்த மாட்டுக் கொம்புகள் குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் கிடந்திருந்தன. அவற்றை இப்போது எடுக்க வேண்டும். எங்கே புதைத்தோம் என்பதுதான் யாருக்கும் நினைவில்லை. பக்கத்தில் நின்ற பெரியவருக்கு ஐந்து மணிக்கு வேறு வேலை இருந்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். அந்த நேரம் பார்த்து மண்வெட்டி ஏதோ ஒன்றில் உரசியது. கொம்பு! பெரியவர் திரும்பி வந்தார். ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். கொம்பிலிருந்ததைத் தண்ணீரில் எவ்வளவு போடுவது, எப்படிக் கலக்குவது என்று காட்ட ஆரம்பித்தார். கலக்குவதற்குக் கரண்டியோ கட்டையோ கிடையாது. கூட இருந்த இளைஞர் ஒருவரின் கைத்தடியைத்தான் வாங்கி வாளிக்குள் விட்டார்கள்.

அந்தப் பெரியவர் ருடால்ஃப் ஸ்டெய்னர். கைத்தடிக்குச் சொந்தக்காரர் எரன்ஃபிரீட் ஃபைஃபர். அவர் பின்னாளில் எழுதிவைத்ததால்தான் இந்தக் காட்சி நமக்குக் கிடைத்திருக்கிறது. இன்று 60-க்கும் மேற்பட்ட நாடுகளில், 7,000-க்கும் அதிகமான பண்ணைகளில், ஏறத்தாழ 2.5 லட்சம் ஹெக்டேரில் கடைப்பிடிக்கப்படும் ஒரு வேளாண் முறையின் முதல் தெளிப்பு நீர் அந்த வாளியில் கலந்ததுதான்.

நம் இயற்கை உழவர்களின் மலரில் எங்கோ ஐரோப்பாவில் நடந்த கதைக்கு என்ன இடம் என்று மலர்க் குழுவிலேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். நாம் இன்று வாங்கிச் சட்டம் போட்டு மாட்டும் சான்றிதழ்களுக்கெல்லாம் ஒரு மூத்த அண்ணன் அங்கே பிறந்தான் என்பது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. ‘வெளியே சொல்லுமுன் வயலில் செய்து பார்’ என்ற நிபந்தனையோடு தொடங்கிய இயக்கம் அது. அந்த நிபந்தனையை எங்கெல்லாம் காப்பாற்றியது, எங்கெல்லாம் கைவிட்டது என்பதுதான் அதன் நூறாண்டு வரலாறு. நம்மைப் போன்றவர்களுக்கு அதில் கற்க நிறைய இருக்கிறது.

கோபர்விட்ஸ்

ஸ்டெய்னர் உழவர் அல்லர். 1861-இல் பிறந்த தத்துவவாதி. மனிதனின் ஆன்மிக இயல்பைப் பேசும் ‘அந்த்ரோபொசொஃபி’ என்ற கொள்கையை வகுத்தவர். பள்ளிக் கல்வி, மருத்துவம், கட்டடக் கலை என்று பலவற்றிலும் கைவைத்தவர். அவரிடம் போய் நின்றவர்கள்தான் உழவர்கள், பண்ணை நிர்வாகிகள், கால்நடை மருத்துவர்கள். அவர்களுக்கு ஒரு கவலை இருந்தது. குதிரைமசாலை ஒருமுறை விதைத்தால் ஒரே வயலில் முப்பது ஆண்டு வரை அறுத்த காலம் ஒன்று இருந்ததாம். அது ஒன்பது ஆண்டாகி, ஏழாகி, நாலைந்து ஆண்டு நின்றாலே பெரிது என்றாகிவிட்டது. கோதுமையும் பார்லியும் சொந்த விதையை எடுத்து வைத்தால் தரம் இறங்கிக்கொண்டே போயின. சினைபிடிக்காத மாடுகள் பெருகின.

அந்தக் காலத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரித்து அம்மோனியா செய்யும் தொழிற்சாலை ஜெர்மனியின் ஓப்பாவில் 1913-இல் ஓடத் தொடங்கியது. முதல் உலகப் போர் முழுக்க அந்த நைட்ரஜன் வெடிமருந்துக்குப் போனது. போர் முடிந்ததும் அத்தனையும் உர மூட்டையாக வயலுக்குத் திரும்பியது. பசுமைப் புரட்சி நம்மூருக்கு வந்தபோது நம் அப்பாக்கள் கண்ட குழப்பத்தை அந்த உழவர்கள் 40 ஆண்டு முன்னாலேயே கண்டுவிட்டார்கள்.

சைலீசியாவில் (இன்று அது போலந்து) பிரெஸ்லாவ் நகருக்கு அருகே கோபர்விட்ஸில் பெரிய பண்ணைகளை நிர்வகித்தவர் கார்ல் ஃபோன் கைசர்லிங்க் பிரபு. உழவர்களுக்காகத் தனியாக ஒரு வகுப்பு எடுக்க வேண்டும் என்று ஸ்டெய்னரைக் கேட்டுக்கேட்டுப் பார்த்தார். நாள் தள்ளிக்கொண்டே போனது. கடைசியில் தன் அண்ணன் தம்பி பிள்ளைகளில் ஒருவரை அனுப்பி, தேதி வாங்காமல் திரும்பாதே என்று சொல்லிவிட்டார் பிரபு. பையன் தேதியோடுதான் திரும்பினான். நம் ஊரில் கச்சேரிக்கு வித்துவான் வீட்டுத் திண்ணையில் ஆள் போட்டுத் தேதி வாங்குவார்களே, அதே கதை.

1924 ஜூன் 7 முதல் 16 வரை அந்த மாளிகையில் எட்டுச் சொற்பொழிவுகள் நடந்தன. நூற்றுப் பதினொரு பேர் உட்கார்ந்து கேட்டார்கள். ஸ்டெய்னருக்கு அப்போதே உடம்பு சரியில்லை. அடுத்த ஆண்டு மார்ச் 30-இல் இறந்துவிட்டார். ஆக, இந்த முறையைத் தோற்றுவித்தவர் அதற்குக் கொடுத்த நேரம் சில நாட்கள்தான். மீதி அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் உழைப்பு.

சொற்பொழிவுக் குறிப்புகளை அவர்கள் உடனே அச்சிட்டு விற்கவில்லை. ஒரு சோதனை வட்டம் அமைத்தார்கள். படிகளுக்கு எண் போட்டு, பிறருக்குக் கொடுக்க மாட்டேன் என்று உறுதி தந்த உறுப்பினர்களுக்கு மட்டும் வழங்கினார்கள். அவரவர் பண்ணையில் செய்து பார்த்து, விளைவைப் பகிர்ந்துகொண்ட பிறகே ஊருக்குச் சொல்வது என்பது ஏற்பாடு. ரகசியச் சங்கம் போலத் தோன்றலாம். எனக்கு அதில் ஓர் உழவனின் கூச்சம் தெரிகிறது: நான் போட்டு, விளைந்து, அறுத்த பிறகு சொல்கிறேன் என்கிற கூச்சம்.

‘பயோடைனமிக்’ என்ற பெயரும் ஸ்டெய்னர் சூட்டியதன்று. ‘உயிரியல்’, ‘இயக்க ஆற்றல்’ என்ற இரண்டையும் சேர்த்துப் பின்னால் வந்தவர்கள் வைத்தார்கள். தமிழில் நாம் உயிராற்றல் வேளாண்மை என்கிறோம்.

பண்ணைக்கு ஓர் உடம்பு

இந்த முறையின் அடிப்படை ஒன்றே ஒன்று: பண்ணை ஓர் உடம்பு. நிலம், ஆடுமாடு, மரம், பறவை, புழு, உழவன் எல்லாம் அதன் உறுப்புகள். உடம்பு தனக்கு வேண்டியதைத் தானே பெரும்பாலும் செய்துகொள்ள வேண்டும். நிலம் எவ்வளவு தீவனம் தருமோ அவ்வளவு மாடு. மாடு எவ்வளவு சாணம் போடுமோ அவ்வளவு சாகுபடி. வெளியிலிருந்து மூட்டை வந்து இறங்கினால், அது உரமோ புண்ணாக்கோ, உடம்பு நோயில் விழுந்ததற்கு அடையாளம். நம் தாத்தாக்கள் இதைக் கொள்கை என்று சொன்னதில்லை. தொழுவத்தையும் குப்பைக் குழியையும் பார்த்தாலே தெரிந்துவிடும் என்று விட்டுவிட்டார்கள்.

இதுவரை யாருக்கும் ஆட்சேபம் இராது. கொம்பு வரும்போதுதான் பலர் புருவத்தை உயர்த்துவார்கள்.

பின்னால் 500 என்று எண் பெற்ற முதல் தயாரிப்பு கொம்பு சாண உரம். கன்று ஈன்ற பசுவின் கொம்பாக இருக்க வேண்டும், காளைக் கொம்பு ஆகாது. கறவைப் பசுவின் சாணத்தை அதில் திணித்து, இலையுதிர் காலத்தில் புதைத்து, வசந்தத்தில் எடுப்பது ஐரோப்பிய வழக்கம். நம் பக்கம் புரட்டாசி, ஐப்பசியில் புதைத்து மாசி, பங்குனியில் எடுக்கிறார்கள். ஏக்கருக்கு 25 கிராம் போதும். அதை 13 முதல் 15 லிட்டர் தண்ணீரில் ஒரு மணி நேரம் கலக்கி, சாயங்காலம் மண்ணில் பெரிய துளிகளாகத் தெளிக்க வேண்டும். 501 இதற்கு நேர்மாறு. பொடித்த குவார்ட்ஸ் கல்லைக் கொம்பில் அடைத்துக் கோடையில் புதைத்து எடுத்து, ஏக்கருக்கு ஒரு கிராம் வீதம் கலக்கி, விடியற்காலையில் இலை மேல் பனி போலத் தெளிப்பது. ஒன்று வேருக்கு, மற்றது வெளிச்சத்துக்கு என்பார்கள்.

502 முதல் 507 வரை உள்ளவை எருக் குவியலுக்கானவை. ‘யாரோ’ என்ற பெயருள்ள செடியின் பூவை ஆண் மானின் சிறுநீர்ப்பையிலும், கெமோமில் பூவை மாட்டுக் குடலிலும், ஓக் மரப்பட்டையைக் கால்நடையின் மண்டையோட்டிலும், டேன்டிலியன் பூவை மாட்டின் குடலைத் தாங்கும் சவ்விலும் வைத்துப் பக்குவப்படுத்துவார்கள். பட்டால் அரிக்கும் நெட்டில் செடியை வெறும் மண்ணிலேயே ஓராண்டு புதைத்து வைப்பார்கள். வலேரியன் பூச்சாற்றைத் தெளிப்பார்கள். ஒவ்வொன்றிலும் சிட்டிகை அளவுதான் குவியலுக்குள் போகும். 508 குதிரைவால் செடியின் கஷாயம், பூஞ்சண நோய்க்கு. இந்தியாவில் அந்தச் செடிக்குப் பதிலாகச் சவுக்குத் தழையைக் கொதிக்க வைக்கிறார்கள். இரண்டிலும் சிலிக்கா அதிகம் என்பது காரணம்.

படிக்கும்போது மாந்திரீகக் கட்டுரை போலத்தான் இருக்கிறது. எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. விண்வெளியின் ஆற்றலைக் கொம்பு உள்ளே இழுக்கிறது என்ற விளக்கத்தை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் கீழ்ப்பழனி மலையில் ஒரு நண்பரின் காப்பித் தோட்டத்தில் அந்தக் கலக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பெரிய பிளாஸ்டிக் பீப்பாய், மேலே மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்ட நீளக் கழி. ஒரே பக்கமாகச் சுற்ற வேண்டும். தண்ணீர் நடுவில் குழிந்து, அடிவரை சுழி விழும். விழுந்ததும் சட்டென்று எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். தண்ணீர் குழம்பி, நுரைத்து, தடுமாறி, கொஞ்ச நேரத்தில் மறுபடி சுழி பிடிக்கும். அறுபது நிமிடம் இதே வேலை. பத்தாவது நிமிடத்தில் தோள் வலித்தது. இருபதாவது நிமிடத்தில் அலுப்பு. அதற்குப் பிறகு கண் தானாகத் தோட்டத்தின் மேல் போயிற்று. எந்த வரிசையில் இலை வெளுத்திருக்கிறது, எந்த மரத்தடியில் மண்புழு எச்சம் குவிந்திருக்கிறது என்று, அதுவரை பார்த்தும் பாராததெல்லாம் தெரிந்தது. ஒரு மணி நேரம் ஓர் உழவனைச் சும்மா நிறுத்தித் தன் நிலத்தைப் பார்க்க வைக்க வேறு எந்தத் தயாரிப்பு இருக்கிறது?

காப்பி பறிக்க வந்திருந்த பாட்டி ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தாள். “என்ன தம்பி, மத்து இல்லாம தயிர் கடையுற?” என்றாள். கொம்பிலிருந்து எடுத்த எருவைக் கையில் கொடுத்தோம். மூக்கருகே கொண்டுபோனாள். “சாணி வாசமே இல்லையே. மழை பெஞ்ச காட்டு மண்ணு மாதிரில்ல இருக்கு” என்றாள். அது உண்மைதான். கருத்து, பிசுபிசுத்து, நல்ல காட்டு மண் வாசனையோடு இருந்தது அது.

ஒரு தேவதையின் பெயரில் குறி

சோதனை வட்டத்து உழவர்கள் விளைவிக்கத் தொடங்கியதும் விற்கும் சிக்கல் வந்தது. எல்லாக் கோதுமையும் பார்வைக்கு ஒன்றுதான். 1927-இல் ஒரு விற்பனைக் கூட்டுறவு அமைத்தார்கள். அடுத்த ஆண்டு கிரேக்கரின் தானியத் தேவதை பெயரில் ‘டெமீட்டர்’ என்ற வணிகக் குறியைப் பதிவு செய்தார்கள். தரம் பற்றிய முதல் விதிகளும் அப்போதே எழுந்தன. பயிர் எப்படி விளைந்தது என்பதற்குச் சான்று சொல்லும் குறி என்ற யோசனை உலகச் சந்தையில் வேரூன்றியது இப்படித்தான்.

அந்த விதிகளில் சில இன்றும் மற்ற இயற்கைச் சான்றுகளைவிடக் கடுமையானவை. பண்ணையில் ஒரு மூலையை மட்டும் மாற்றிவிட்டு மீதியில் ரசாயனம் போட முடியாது. முழுப் பண்ணையும் மாற வேண்டும். பத்தில் ஒரு பங்கு நிலம் பல்லுயிருக்கென்று ஒதுங்க வேண்டும். மாட்டின் கொம்பைச் சுட்டு அகற்றக் கூடாது.

அதே 1928-இல் எர்ஹார்ட் பார்ட்ஷ் என்பவர் பெர்லினுக்குத் தென்கிழக்கே பாட் சாரோவில் மரியன்ஹோயே பண்ணையை எடுத்தார். மணல் நிலம், மழையும் குறைவு. கைநிறைய அள்ளினால் விரலிடுக்கில் வழிந்துவிடும் மண் அது. காற்றுத் தடுப்புக்கு வேலியும் மரமும் நட்டு, எருப் போட்டுப் போட்டு அதை விளைநிலமாக்கினார்கள். ஜெர்மனியின் மிகப் பழைய டெமீட்டர் பண்ணை என்று அதைச் சொல்கிறார்கள். போர் வந்தது, கிழக்கு ஜெர்மனியின் பொதுவுடைமை ஆட்சி வந்தது, போனது. பண்ணை மட்டும் அதே முறையில் இன்றும் நடக்கிறது.

கறை

விழா மலர்களில் நல்லதை மட்டும் எழுதுவது நம் வழக்கம். இந்த இயக்கத்தின் வரலாற்றில் அப்படித் தாண்டிப் போக முடியாத ஓர் அத்தியாயம் இருக்கிறது.

1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், பார்ட்ஷின் தலைமையில் உயிராற்றல் உழவர்கள் தேசிய அளவில் ஒரு சங்கமாகத் திரண்டு, புதிய ஆட்சியோடு ஒத்துப்போக முயன்றார்கள். ஆட்சி 1935-இல் ஸ்டெய்னரின் அந்த்ரோபொசொஃபி சங்கத்தைத் தடை செய்தது. உழவர் சங்கம் மட்டும் பிழைத்தது. ஹிட்லரின் துணைத் தலைவர் ருடால்ஃப் ஹெஸ் அதற்கு ஆதரவாக இருந்தார். 1941 மே மாதம் ஹெஸ் தனியாக விமானம் ஏறி பிரிட்டனுக்குப் போய் இறங்கினார். அடுத்த சில வாரங்களில் உழவர் சங்கமும் தடையானது.

இதைவிடக் கொடியது வேறொன்று. ஹிட்லரின் எஸ்.எஸ். படையைச் சேர்ந்த நிறுவனம் ஒன்று டாக்காவ் வதை முகாமில் பெரிய மூலிகைத் தோட்டம் நடத்தியது. உயிராற்றல் முறையில்தான் நடத்தியது. நட்டவர்களும் களையெடுத்தவர்களும் கைதிகள். அந்தத் தோட்ட வேலையில் செத்தவர்கள் ஏராளம். இயக்கத்தில் பயிற்சி பெற்றவர்கள் அங்கே மேற்பார்வை செய்தார்கள். மண்ணை உயிர் என்று சொன்ன முறை, மனித உயிர் பக்கத்தில் மடிவதைப் பார்த்துக்கொண்டு எரு கிளறியிருக்கிறது. நூற்றாண்டு நிறைவான 2024-இல் இந்தக் காலத்தைப் பற்றி ஜெர்மனியில் விரிவான ஆய்வு நூல் வெளிவந்தது. தாமதம்தான். இருந்தாலும் தன் வீட்டு அழுக்கைத் தானே வெளியே கொண்டுவந்து வைக்கும் சங்கங்கள் எத்தனை?

கடல் கடந்தவர்கள்

இயக்கத்தின் நல்ல காலம் பெரும்பாலும் ஜெர்மனிக்கு வெளியேதான் வாய்த்தது. கைத்தடிக்காரர் ஃபைஃபர் 1938-இல் எழுதிய நூல் பல மொழிகளில் போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் சங்கம் தொடங்கியது. 1939 கோடையில் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில், பெட்டஸ்ஹேங்கர் என்ற இடத்தில், நார்த்போர்ன் பிரபு ஒரு கருத்தரங்கு கூட்டி ஃபைஃபரை அழைத்தார். மறு ஆண்டு நார்த்போர்ன் ஒரு புத்தகம் எழுதினார். ‘ஆர்கானிக்’ வேளாண்மை என்ற சொல் அச்சில் ஏறிப் பரவியது அதிலிருந்துதான். பண்ணை ஓர் உடம்பு, ஓர் ‘ஆர்கனிஸம்’ என்பதால் ஆர்கானிக். கரிம உரம் போடுவதால் அப்படிச் சொல்கிறார்கள் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அமெரிக்காவில் நடந்ததுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. லாங் ஐலண்டில் மார்ஜரி ஸ்பாக், மேரி ரிச்சர்ட்ஸ் என்று இரண்டு பெண்கள். குழந்தை வளர்ப்பு நூல் எழுதிப் புகழ்பெற்ற டாக்டர் ஸ்பாக்கின் தங்கை மார்ஜரி. மேரிக்கு உடம்பு சரியில்லாததால் சுத்தமான உணவு வேண்டியிருந்தது. ஃபைஃபரிடம் கற்ற முறையில் இருவரும் காய்கறி போட்டார்கள். 1957-இல் அரசு விமானங்கள் மரங்களை அரிக்கும் ஒருவகை அந்துப்பூச்சியை ஒழிக்க டி.டி.டி.யை எண்ணெயில் கலந்து ஊர் முழுக்கத் தெளித்தன. இவர்கள் தோட்டத்தையும் விடவில்லை. இருவரும் அண்டை வீட்டாரைச் சேர்த்துக்கொண்டு வழக்குப் போட்டார்கள். 1958-இல் விசாரணை. தோற்றார்கள். உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டை எடுக்க மறுத்தது. ஆனால் மார்ஜரி அன்றாடம் நடந்ததை எழுதி நண்பர்களுக்கு அனுப்பியபடி இருந்தார். அந்தக் கடிதங்களும் சாட்சியங்களும் ரேச்சல் கார்சன் என்ற எழுத்தாளரிடம் போய்ச் சேர்ந்தன. 1962-இல் அவருடைய ‘மௌன வசந்தம்’ வெளிவந்தது. பூச்சிக்கொல்லிக்கு எதிராக உலகம் கண் விழித்த கதைக்கு, இரண்டு பெண்கள் கீரைப் பாத்தியில் போட்ட எருவும் ஒரு காரணம்.

1977-இல் எகிப்தின் இப்ராஹிம் அபூலெய்ஷ் கெய்ரோவுக்கு வடகிழக்கே பாலைவனத்தில் 70 ஹெக்டேர் வாங்கி ‘செகம்’ பண்ணையைத் தொடங்கினார். ஆஸ்திரியாவில் மருந்தியல் படித்து ஆய்வு வேலையில் இருந்தவர். மணலில் கிணறு வெட்டி, மரம் நட்டு, எருப் போட்டு, பள்ளியும் மருத்துவமனையும் கட்டினார். 2003-இல் ‘மாற்று நோபல்’ எனப்படும் ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது அவருக்கும் செகமுக்கும் கிடைத்தது.

நாளும் கோளும்

ஜெர்மனியில் மரியா தூன் என்ற பெண்மணி 1950-களில் முள்ளங்கி விதைத்துப் பார்த்தார். ஒரே விதை, ஒரே மண், விதைத்த நாள் மட்டும் வேறு. வளர்ச்சியில் மாற்றம் தெரிவதாகக் கண்டார். நிலவு எந்த ராசி மண்டலத்தின் முன்னால் நிற்கிறதோ அதைப் பொறுத்து வேர் நாள், இலை நாள், பூ நாள், கனி நாள் என்று பகுத்து, 1960-களிலிருந்து ஆண்டுதோறும் விதைப்பு நாட்காட்டி வெளியிட்டார். ரிஷபம், கன்னி, மகரம் வேருக்கு. கடகம், விருச்சிகம், மீனம் இலைக்கு என்று போகும் அந்தக் கணக்கு. 2012-இல் அவர் இறக்கும் வரை நாட்காட்டி நிற்கவில்லை, இப்போதும் வருகிறது.

நம் வீட்டுத் தினசரி நாட்காட்டியில் மேல்நோக்கு நாள், கீழ்நோக்கு நாள் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துக் கிழங்கு நடுகிறவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. என்றாலும் இரண்டும் ஒன்றல்ல. நம்முடையது அன்றைய நட்சத்திரத்தைக் கொண்டு சொல்வது. ரோகிணி மேல்நோக்கு, பரணி கீழ்நோக்கு என்பது போல. தூன் கணக்கில் ரோகிணி நிற்கும் ரிஷபம் வேருக்கு உகந்தது. நம் கணக்கில் அது மேலே வளர்வதற்கு. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு விதைக்கப் போனால் விதை கையிலேயே முளைத்துவிடும்.

சோதிக்கும் பழக்கம் இங்கேதான் மறுபடி தலைகாட்டியது. இயக்கத்துக்குள்ளிருந்தே ஹார்ட்முட் ஷ்பீஸ் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் விதைத்துப் பார்த்து, தூன் சொன்ன ராசிக் கணக்கு உறுதிப்படவில்லை என்று எழுதினார். நாட்காட்டி விற்பனை அதனால் குறையவில்லை. நம்பிக்கைக்கும் சோதனைக்கும் இடையே இந்த இயக்கம் ஒரு முடிவுக்கு வரவே இல்லை.

தெர்வில் வயல்

1978-இல் சுவிட்சர்லாந்தின் தெர்வில் கிராமத்தில் ஒரு வயலைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒரு நீண்ட சோதனை தொடங்கினார்கள். உயிராற்றல், இயற்கை, வழக்கமான ரசாயன முறை ஆகிய மூன்றையும் ஒரே மண்ணில், ஒரே பயிர்ச் சுழற்சியில் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிடுவது. மூன்றின் முதலெழுத்தையும் சேர்த்து ‘டோக்’ சோதனை என்பார்கள். கொம்பு புதைத்த தோட்டம் இருந்த அதே பாசல் சுற்றுவட்டாரம்.

21 ஆண்டு முடிவுகள் 2002-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தன. இரண்டு இயற்கை முறைகளிலும் விளைச்சல் சராசரி 20 விழுக்காடு குறைவு. உரத்தின், எரிசக்தியின் செலவு 34 முதல் 53 விழுக்காடு வரை குறைவு. பூச்சிக்கொல்லி 97 விழுக்காடு குறைவு. கோதுமை பத்தில் ஒன்பது பங்கு விளைந்துவிட்டது. உருளைக்கிழங்கில்தான் அடி: ரசாயன வயலில் கிடைத்ததில் 58 முதல் 66 விழுக்காடுதான். மண்புழு எடை 1.3 முதல் 3.2 மடங்கு அதிகம். மண் நுண்ணுயிர் உயிராற்றல் வயலில் மிக அதிகம்.

இதைக் காட்டி, பார்த்தீர்களா கொம்பின் மகிமையை என்று மேடையில் சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். அது தவறு. உயிராற்றல் வயலுக்கு நன்கு மக்கிய எருவும் போனது. மாற்றம் எருவால் வந்ததா, கொம்பால் வந்ததா என்று அந்தச் சோதனை பிரித்துச் சொல்லவில்லை. கலிபோர்னியாவில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் தயாரிப்பு தெளித்த பாத்தி, தெளிக்காத பாத்தி என்று பிரித்து வைத்து ஆறாண்டு பார்த்தார்கள். மண் தரத்தில் வேறுபாடு தெரியவில்லை என்று 2005-இல் வெளியிட்டார்கள். என் கணிப்பு இதுதான்: எருவும் மாடும் பயிர்ச் சுழற்சியும் பலன் தருகின்றன. கொம்பு அவற்றை விடாமல் செய்ய வைக்கிறது.

இந்தூர்

இந்தியாவோடு உள்ள தொடர்பில் ஒரு வேடிக்கை. கோபர்விட்ஸ் சொற்பொழிவு நடந்த அதே 1924-இல் இந்தூரில் பயிர்த்தொழில் ஆய்வு நிலையம் தொடங்கியது. அதை நடத்தியவர் ஆல்பர்ட் ஹோவர்ட். இந்திய உழவனைப் பார்த்துக் கற்று, இந்தூர் முறை மக்கு உரத்தை வகுத்தவர். ஸ்டெய்னரின் சீடர்கள் சொல்லும் விளக்கம் தனக்கு ஒப்பவில்லை என்று எழுதியவர். 1993-இல் நியூசிலாந்தின் பீட்டர் ப்ராக்டர் உயிராற்றல் முறை சொல்லித்தர இந்தியாவுக்கு வந்தார். முதலில் வந்து இறங்கியது அதே இந்தூரின் கஸ்தூர்பாகிராமில். அழைத்தவர் டி.ஜி.கே. மேனன். ஹோவர்ட் உயிரோடு இருந்திருந்தால் ஒரு பயிற்சி வகுப்புக்காவது வந்து பின் வரிசையில் உட்கார்ந்து மூக்கைச் சுளித்திருப்பார்.

ப்ராக்டர் திரும்பத் திரும்ப வந்தார். டார்ஜிலிங் தேயிலை, மலைத்தோட்டக் காப்பி, பருத்தி என்று பரவியது. இந்தியச் சிறு விவசாயியிடம் நன்றாக ஒட்டிக்கொண்டது கொம்பு கூட அல்ல, சாண மூலிகை உரம். மரியா தூன் பீப்பாயில் செய்ததை இங்கே செங்கல் குழிக்கு மாற்றினார்கள். சுமார் 60 கிலோ பசுஞ்சாணம், முட்டை ஓட்டுத் தூள் 200 கிராம், கொஞ்சம் பாறைத் தூள், மூலிகைத் தயாரிப்புகளில் சிட்டிகை சிட்டிகை. ஈரச் சாக்குப் போட்டு மூடி, அவ்வப்போது கிளறினால் மூன்று நான்கு மாதத்தில் தயார். ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கிறவனுக்கும் முடிகிற வேலை.

இங்கே கொம்பு பின்னால் போனாலும், கொம்பு விஷயத்தில் சுவிட்சர்லாந்து நாடே ஒருமுறை வாக்களித்தது. ஆர்மின் கபால் என்ற மலை உழவர் லட்சத்துக்கும் மேல் கையெழுத்து திரட்டினார். கொம்போடு மாடு வளர்ப்பவருக்கு அரசு மானியம் தர வேண்டும் என்பது கோரிக்கை. 2018 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் 54.7 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். வாக்களித்தவர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் மாட்டுக் கொம்பின் பக்கம் நின்றிருக்கிறார்கள்!

காப்பித் தோட்ட நண்பர் கணக்கு நோட்டு வைத்திருக்கிறார். எந்த நாள் புதைத்தது, எத்தனை கொம்பு, எத்தனை கிராம் எரு கிடைத்தது, எந்தப் பாத்திக்குத் தெளித்தது, தெளிக்காத பாத்தி எது என்று எல்லாம் அதில் உண்டு. சென்ற பங்குனியில் தோண்டியபோது நானும் போயிருந்தேன். ஐப்பசியில் புதைத்தது பன்னிரண்டு. அடையாளத்துக்கு நட்ட மூங்கில் குச்சியைக் காட்டுப்பன்றி பிடுங்கிப் போட்டிருந்தது. கையால் மண்ணைத் தள்ளித் தள்ளித் தேடினோம். பதினொன்று கிடைத்தது. பாட்டியும் வந்திருந்தாள். இருட்டும் வரை குந்தியிருந்து கிளறிப் பார்த்துவிட்டு எழுந்தாள். “இங்கனதான் இருக்கும், எங்க போயிரப் போவுது” என்றபடி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். நண்பர் நோட்டை எடுத்து, பன்னிரண்டு என்றிருந்ததற்குப் பக்கத்தில் பதினொன்று என்று எழுதி, கீழே ‘ஒன்று தேட வேண்டும்’ என்று குறித்தார்.